கொழும்பில் நல்ல ‘இந்தியன்’ கடை எங்கே?

கொழும்புக்கு ஆராவது வெளிக்கிட்டால் எங்கட பட்ச் வட்ஸ்அப் குறூப்பில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: “நல்ல இந்தியன் கடை ஒண்டு சொல்லுங்கோ.” செப்டெம்பரில் புத்தகக் கண்காட்சிக்குப் போனாலும் சரி, ஆய்வுக்கட்டுரைக்காக தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனாலும் சரி, வெளிநாடு போற மச்சாளை வழியனுப்பப் போனாலும் சரி, கேள்வி மாறாது. பதிலும் மாறாது. கூகிள் மெப்பில் நாலரை நட்சத்திரம் வாங்கின, கதவைத் திறந்தவுடன் ஏசி குளிர் முகத்தில் அடிக்கிற, ஹிந்திப் பாட்டு மெல்லமாய் ஓடுகிற இரண்டு மூன்று இடங்களின் லிங்க் வந்து விழும். போறவை போய்ச் சாப்பிட்டுப் படம் போடுவினம். பில் வந்த பிறகு மாதக் கடைசி மட்டும் பிளேன்டீயும் பணிசும்தான்.

அந்தக் கடைகளில் எங்களுக்குக் கோபமில்லை. நல்ல நாணும் நல்ல பட்டர் சிக்கனும் கிடைத்தால் நாங்களும் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டம். ஆனால் ‘இந்தியன் கடை’ எண்டு நாங்கள் தேடுகிற விதத்தில் ஒரு பிழை இருக்குது. அந்தச் சொல்லை வைத்துத் தேடினால் கொழும்பின் நல்ல இந்தியச் சாப்பாட்டில் பாதி கண்ணிலேயே படாது. பசிக்கிற வயிறோடு அதன் முன்னால் நடந்து போய், அஞ்சு மடங்கு காசு குடுத்து வேறெங்கோ சாப்பிடுவம். அதோடு, ‘இந்தியன்’ எண்டது எங்கட நாட்டில் வெறும் சாப்பாட்டுப் பெயரும் இல்லை. மெனுக் கார்ட்டில் அதுக்கு ஒரு விலை, மனுசரின் பிறப்புச் சான்றிதழில் அதுக்கு வேறொரு விலை. இந்தக் கட்டுரை இரண்டைப் பற்றியும்தான்.

இந்தியன் எண்டால் எந்த ஊர்?

முதலில் பட்டர் சிக்கனையே எடுப்பம். இந்தியச் சாப்பாட்டின் கொடி மாதிரி உலகமெல்லாம் பறக்கிற சாப்பாடு அது. அது பெயர் பெற்ற இடம் டெல்லியின் தரியாகஞ்சில் இருந்த மோத்தி மஹால். 1947இல் பிரிவினை நடந்தபோது பெஷாவரில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் டெல்லியில் நடத்திய கடை அது. அவர்கள் தங்களோடு கொண்டுவந்தது தந்தூர் அடுப்பில் சுடுகிற கைப்பக்குவத்தை. குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி எண்ட இரண்டு பெயர்கள் அந்தக் கடையின் கதையில் வரும். பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது இவர்களில் ஆர் எண்டு இரண்டு குடும்பங்களின் வாரிசுகளும் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குக்குப் போயிருக்கினம். ‘இந்தியன்’ எண்டு நாங்கள் ஓர்டர் பண்ணுகிற கோப்பைக்குள் இருப்பது, இண்டைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற ஒரு ஊரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த அகதிகளின் உழைப்பு. இடப்பெயர்வு எண்டால் என்னவெண்டு எங்கட வீடுகளில் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மசாலாத் தோசைக்கும் இப்பிடி ஒரு ஊர் இருக்குது. அதை இந்தியா முழுக்கக் கொண்டு போனதில் கர்நாடகத்தின் உடுப்பியைச் சேர்ந்த சமையற்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. கோயிலும் மடமும் சார்ந்த சமையலில் பழகி, வேலை தேடி நகரங்களுக்குப் போய்க் கடை போட்டவர்கள் அவர்கள். சென்னையில் 1938இல் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் தொடங்கிய கிருஷ்ணராவும் உடுப்பிப் பக்கத்தில் இருந்து வந்து, சமையலறையில் எடுபிடி வேலையில் தொடங்கினவர்தான்.

லண்டனுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கே ‘இந்தியன் ரெஸ்டோரண்ட்’ எண்டு பலகை போட்ட கடைகளில் மிகப் பெரிய பகுதியை நடத்தி வந்தவர்கள் இண்டைய வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதி ஆட்கள். கப்பல்களில் கூலிக்குப் போனவர்களின் வழி வந்த தொழில் அது. சிக்கன் டிக்கா மசாலாவைப் பிரித்தானியாவின் தேசிய உணவு எண்டு 2001இல் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் றொபின் குக் புகழ்ந்து பேசினார். சமைத்தவரின் ஊர்ப் பெயர் மட்டும் பலகையில் வரவில்லை.

இதில் இருந்து நாங்கள் எடுக்கிற பாடம் சின்னது. ‘இந்தியச் சாப்பாடு’ எண்டு ஒரு தனிச் சாப்பாடு கிடையாது. பஞ்சாபிச் சாப்பாடு, செட்டிநாட்டுச் சாப்பாடு, மலபார்ச் சாப்பாடு, உடுப்பிச் சாப்பாடு எண்டு ஊர் ஊராகத்தான் இருக்குது. தன்னுடைய ஊரைச் சொல்லக்கூடிய கடையில் நல்ல சாப்பாடு கிடைக்கிற வாய்ப்புக் கூட. எல்லா ஊரும் நான்தான் எண்டு நிக்கிற கடையில் குறைவு.

பலகையில் ‘இந்தியன்’ எண்டு எழுதாத கடைகள்

இனி கொழும்புக்கு வருவம். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கி விடுவினம். கண் எரியும், கால் வீங்கியிருக்கும். அந்த நேரத்திலும் காலி வீதியில் ஒரு சில கடைகளில் லைட் எரியும். உள்ளே போனால் இட்டலி ஆவி, அரைத்த தேங்காய் வாசம், பால் தேத்தண்ணி இழுக்கிற சத்தம். பெயர்ப்பலகையில் ‘சைவ ஹோட்டல்’, ‘பவன்’, ‘விலாஸ்’, ‘லொட்ஜ்’ எண்டு ஏதாவது இருக்கும். ‘இந்தியன்’ எண்டு இருக்காது. ஆனால் அந்தச் சாம்பாரும் மசாலாத் தோசையும் கேசரியும் எங்கட அம்மம்மாவின் அடுக்களையில் இருந்து வந்தவை இல்லை. யாழ்ப்பாணத்துத் தோசை வேறு. கோதுமை மாவும் வெந்தயமும் சேர்ந்து, மேலே தாளிதம் போட்டு, மொத்தமாய், மெத்தெண்டு, சம்பலோடு சாப்பிடுகிற சாமான் அது. மொறுமொறுவெண்டு விரிகிற நெய்த் தோசையும் அதுக்குப் பக்கத்தில் வாளியில் வருகிற சாம்பாரும் கடல் தாண்டி வந்தவை.

எப்பிடி வந்தன? ஒரு காலத்தில் அது ஒரு டிக்கெட் தூரம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு கோட்டைக்கு வந்து சேரலாம். ‘போட் மெயில்’ எண்டு அதுக்குப் பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் மட்டும் அந்த வழி ஓடியது. தூத்துக்குடியில் இருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வேறொரு வழி. வியாபாரிகளும் துறைமுகத் தொழிலாளரும் கணக்கப்பிள்ளைமாரும் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோறு போடச் சமையற்காரரும் வந்தார்கள். நகரத்தில் குடும்பமில்லாமல் தனியாக இருந்த உழைப்பாளிக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்ட இடங்களாகத்தான் இப்பிடியான கடைகள் தழைத்தன. புறக்கோட்டையில் செட்டியார் தெருவும் கதிரேசன் கோயில்களும் இருக்கிற பக்கம் நடந்து பாருங்கோ. நகைக்கடைகளுக்கு நடுவில் இண்டைக்கும் அந்த வாசம் இருக்கும்.

அவர்களின் இருப்பு சுகமாயும் இருக்கவில்லை. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க கொழும்பில் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தை நடத்தினார். அரசாங்கத் திணைக்களங்களில் இருந்த இந்திய நாட்கூலிகளை நிறுத்த 1939இல் முடிவெடுத்தார்கள். பேச நேரு வந்து போனார். சரிவரவில்லை. அதே ஆண்டு இந்தியா இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடை செய்தது. பிறகு 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது, எரித்தவர்கள் முதலாளியின் பூர்வீகம் திருநெல்வேலியா பருத்தித்துறையா எண்டு பிரித்துப் பார்க்கவில்லை. எரிந்த இடத்தில் திரும்பவும் கல்லுப் போட்டுத் தோசை ஊத்தின நகரம் இது.

இதையெல்லாம் சொல்வது பழங்கதைக்காக இல்லை. வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் சண்முகாஸ், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ், ஷ்ரப்பரி கார்டனில் கிறீன்லண்ட்ஸ் எண்டு கொழும்பு ஆட்களுக்கு நல்லாத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. இவையும் ‘இந்தியன்’ கடைகள்தான். ஆனால் எங்கட குறூப்பில் “இந்தியன் கடை” எண்டு கேட்டால் ஆரும் இவற்றைச் சொல்வதில்லை. “அது சைவக் கடையெல்லோ” எண்டு ஒரு பதில் வரும். அந்தப் பதிலுக்குத் திரும்ப வருவம்.

எப்பிடிப் பார்த்துப் பிடிக்கிறது

நட்சத்திரத்தை நம்பாதேங்கோ எண்டு சொல்ல மாட்டம். ஆனால் வாசலில் நிண்டே கவனிக்கக்கூடிய சில விசயங்கள் நட்சத்திரத்தை விட உதவும்.

மெனுவின் தடிப்பைப் பாருங்கோ. நாண், நூடில்ஸ், மசாலாத் தோசை, தாய் சூப் எல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தால் அந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குத்தான் கூட வேலை. நல்ல கடையில் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும். காலையில் இட்டலி, பொங்கல். மத்தியானம் சோறு. பின்னேரம் வடை. “இப்ப தோசை இல்லைத் தம்பி, நாலு மணிக்குத்தான் கல்லுப் போடுவம்” எண்டு ஆராவது சொன்னால் கோவிக்காதேங்கோ, அது நல்ல சகுனம். நாணுக்கும் அதே கதை. தந்தூர் அடுப்பைக் கொதிக்க வைத்து அந்தச் சூட்டிலேயே வைத்திருக்க வேணும். ஒரு ஆளுக்காக நினைத்த நேரம் மூட்ட முடியாது. சனம் நிறைகிற நேரம் போனால்தான் நாண் நாணாக வரும்.

பிறகு, மலிவான சாமானை முதலில் கேளுங்கோ. சைவக் கடையில் ஒரு வெறும் தோசையும் தேங்காய்ச் சட்னியும். தேங்காய்ச் சட்னி பொய் சொல்லாது. காலையில் அரைத்ததைப் பின்னேரம் வைத்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வடஇந்தியக் கடை எண்டால் பருப்பும் ரொட்டியும். கிறீமும் முந்திரிகையும் பல குறைகளை மூடிவிடும், பருப்பு ஒண்டையும் மூடாது. பனீர் பட்டர் மசாலாவும் பட்டர் சிக்கனும் கோஃப்தாவும் ஒரே ருசி எண்டால் மூண்டுக்கும் ஒரே அண்டாக் கிறேவி. அங்கே மூண்டு பேர் மூண்டு சாமான் சொல்வது வீண் செலவு.

ஆர் சாப்பிடுகினம் எண்டும் பாருங்கோ. இந்தியாவில் இருந்து வேலைக்கு வந்தவர்கள் லீவு நாளில் குடும்பத்தோடு போற இடம் எது, பக்கத்துக் கந்தோர்க்காரர் ஒவ்வொரு நாளும் போற இடம் எது எண்டு கேட்டு அறியலாம். ஓட்டோ அண்ணையிட்ட “நல்ல ரெஸ்டோரண்ட் எது” எண்டு கேட்டால் நீங்கள் விரும்புவீங்கள் எண்டு அவர் நினைக்கிற இடத்தைச் சொல்லுவார். “நீங்கள் எங்கே அண்ணை சாப்பிடுறனீங்கள்” எண்டு கேட்டால் வேறு பதில் வரும்.

காசைப் பற்றியும் கதைக்க வேணும், நாங்கள் மஹாபொல எடுக்கிற ஆட்கள். பெரிய கடைகளின் மெனு விலை கடைசி விலை இல்லை. பல இடங்களில் 10 வீதம் சேவைக் கட்டணம், அதுக்கு மேல் 18 வீதம் வற் வரி. 1000 ரூபாய் எண்டு அச்சடித்தது பில்லில் கிட்டத்தட்ட 1300 ஆக நிக்கும். நாலு பேர் போனால் அந்த மிச்சக் காசே சைவக் கடையில் இன்னொரு நேரச் சாப்பாடு. ஓர்டர் குடுக்க முதல் வரி சேர்ந்த விலையா எண்டு கேட்பதில் வெட்கப்பட ஒண்டுமில்லை.

இன்னொரு விசயம் மற்ற ஊர் வழிகாட்டிகளில் வராது, எங்களுக்குத்தான் தெரியும். எங்கட குறூப்பில் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவை இருக்கினம். ஹலால் பார்க்கிற புத்தளத்துத் தோழி இருக்கிறாள். போயா நாளில் சைவம் எண்டு இருக்கிற சிங்கள நண்பனும் இருக்கிறான். இவ்வளவு பேரும் ஒரே மேசையில் இருந்து, ஒருத்தரும் மற்றவரின் கோப்பையை யோசிக்காமல் சாப்பிடக்கூடிய இடம் கொழும்பில் சைவக் கடைதான். இந்த நாட்டில் அப்பிடி ஒரு மேசை கிடைப்பது சின்ன விசயமில்லை.

படிவத்தில் இருக்கிற ‘இந்தியன்’

இனி அந்தப் பதிலுக்கு வருவம். “அது இந்தியன் இல்லை, சைவக் கடையெல்லோ.”

அப்பிடிச் சொல்வதில் ஒரு அழகு இருக்குது எண்டு நாங்கள் ஒத்துக்கொள்ளுறம். கடல் தாண்டி வந்த தோசை இந்த ஊர்த் தோசையாகிவிட்டது. சாம்பாரோடு பொல் சம்பலும் வரத் தொடங்கிவிட்டது. வடையோடு ரோல்ஸும் அதே கண்ணாடிப் பெட்டிக்குள் வந்துவிட்டது. தோசையிட்ட ஒருத்தரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேக்கேல்லை.

தோசை போட்டவரிட்டக் கேட்டார்கள். 1911 குடிசன மதிப்பீட்டில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ எண்டு இரண்டு பெட்டி போட்டார்கள். சுதந்திரம் கிடைத்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டங்களில் தலைமுறையாய் உழைத்த லட்சக்கணக்கான மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு எண்டு பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு கதைப்பம் எண்டு விட்டார்கள். சாமான் பங்கு பிரிக்கிற மாதிரி மனுசரை. எஞ்சியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. 1823ஐத் தொடக்கமாக வைத்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் 2023இல் நடந்தபோது, வந்து 200 வருசமாகிவிட்டது எண்டதை நாட்டுக்குக் காலால் நடந்து சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் எங்கட பட்சில் இருக்கிற மலையக நண்பர்களின் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ எண்டு இருக்குது. அவர்களில் ஒருவரும் இந்தியாவைப் பார்த்ததில்லை.

இதில் அரசாங்கத்தை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. ‘கள்ளத்தோணி’, ‘வடக்கத்தியான்’, ‘தோட்டக்காட்டான்’ எண்ட சொற்கள் தமிழ்ச் சொற்கள். எங்கட வடக்குக் கிழக்கு வீடுகளின் முற்றத்தில் புழங்கின சொற்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் கொழும்புக்கு வந்து ‘இந்தியன்’ எண்ட சொல்லுக்கு ஏசி அறையில் வரியோடு சேர்த்துக் காசு கட்டுறம். சாப்பாட்டில் ‘இந்தியன்’ எண்டால் தரம். மனுசரில் ‘இந்தியன்’ எண்டால் இளக்காரம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே புத்தகத்தில் எழுதிப் பார்க்க வேணும் எண்டுதான் நாங்கள் சொல்லுறம்.

கொழும்பில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் வாளி தூக்குகிற, மேசை துடைக்கிற, கல்லுக்கு முன்னால் வேர்த்து ஒழுக நிக்கிற பொடியனிட்ட ஊர் எது எண்டு கேட்டுப் பாருங்கோ. ஹற்றன், மஸ்கெலியா, பதுளை, இறக்குவானை எண்டு பதில் வரும். எங்கட வயசுதான் இருக்கும், சில வேளை எங்களை விடச் சின்னவன். ஓ.எல். முடித்தவனோ முடிக்காதவனோ, கடைக்கு மேல் தட்டில் நாலைந்து பேரோடு படுத்து எழும்புகிறவன். பட்டர் சிக்கன் விக்கிற பெரிய கடையின் சமையலறையிலும் கோப்பை கழுவுவது அநேகமாய் அவனுடைய ஊர்க்காரன்தான். இந்தியன் எண்டு முத்திரை குத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, இந்தியன் எண்டு பெயர் போட்ட சாப்பாட்டை எங்களுக்குக் கொண்டுவந்து வைக்கிறான்.

‘சாப்பாட்டுக்குள்ளும் அரசியலா’ எண்டு கேட்கிறவைக்கு ஒரு பதில். நாங்கள் கொண்டுபோய்ப் போடவில்லை, அது முதலே உள்ளே இருக்குது. சைவக் கடையைப் புனிதமாக்கவும் நாங்கள் வரவில்லை. ‘சைவம்’ எண்ட பெயர்ப்பலகைக்குக் கீழே ஆரை உள்ளே விடலாம், ஆருக்கு வேறு கிளாஸில் தேத்தண்ணி எண்ட கணக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தேநீர்க்கடைக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தது. அப்பிடியான பாகுபாட்டைக் குற்றமாக்க 1957இல் சட்டம் தேவைப்பட்டது. அதனால் இப்போதைய சைவக் கடையின் திறந்த கதவு தானாகத் திறந்ததில்லை. திறப்பித்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளம், வேலை நேரம், லீவு எண்டு பார்த்தாலும் சின்னக் கடைகள் நல்ல பெயர் எடுக்க இன்னும் கனக்க இருக்குது. மலிவான தோசைக்குப் பின்னால் மலிவான உழைப்பு இருக்கலாம் எண்டதையும் மறக்கக்கூடாது.

ஆனால் இதுக்கு மருந்து அந்தக் கடையைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. காலி வீதியில் வாடகை ஏறுது. தேங்காய் விலை ஏறுது. பிள்ளைகள் கடையை எடுத்து நடத்த விரும்பாமல் வெளிநாடு போகினம். ஒரு பழைய சைவக் கடை மூடினால் அந்த இடத்தில் ஃபோன் கடையோ பெரிய கொம்பனிகளின் கோழிப் பொரியல் கடையோதான் வரும். விடிய ஐந்து மணிக்குப் பஸ்ஸால் இறங்குகிறவருக்கும், வைத்தியசாலையில் ஆளை விட்டுவிட்டு வெளியில் நிக்கிறவருக்கும், கையில் முந்நூறு நாநூறு ரூபாயோடு நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கும் அங்கே இடமில்லை.

அதனால் அடுத்த முறை ஆராவது “நல்ல இந்தியன் கடை ஒண்டு சொல்லுங்கோ” எண்டு கேட்டால், லிங்க் போட முதல் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கோ: “எந்த ஊர்ச் சாப்பாடு வேணும்?” பஞ்சாபி எண்டால் பஞ்சாபி, அதுக்குக் காசு சேர்த்துக்கொண்டு போகட்டும். தோசையும் சாம்பாரும் எண்டால் வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ செட்டியார் தெருவுக்கோ வழி சொல்லுங்கோ. போனால் தோசை கொண்டுவந்து வைக்கிறவனின் பெயரைக் கேளுங்கோ, “டேய்” எண்டு கூப்பிடாதேங்கோ. சேவைக் கட்டணம் அறவிடாத கடையில் எழும்பி வரும்போது ஏதாவது வைத்தால் அவன் கையிலேயே குடுங்கோ. ஊர் எது எண்டு அவன் சொன்னால், அங்கே இப்ப மழையா எண்டு கேளுங்கோ. அவனுக்கும் ஒரு ஊர் இருக்குது, அது இந்த நாட்டுக்குள்தான் இருக்குது.